மணி அண்ணாவும் மெல்ல நடக்கும் பிணங்களும்

சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் திரும்பினால், வீட்டு வாசலில் கூட்டம். அக்ரஹாரத்தில் சாயங்கால வேளையில் ஒரு வீட்டு முன்னால் நாலு பேர் கூடி நின்றால், ஒன்று தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கும், இல்லையென்றால் யாராவது போயிருப்பார்கள். குழாய் உடைந்திருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்கள். அன்று யாரும் பேசவில்லை.

பக்கத்து வீட்டு கோமு மாமி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். எண்பதை நெருங்குகிறவள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"வசந்தி, எங்கேடி போனே? உள்ளே மணி மொனகிண்டே இருக்கான். கூப்பிட்டா பதில் இல்லே. நீயானா வெளியில பூட்டிண்டு போயிட்டே! போன் பண்ணினா அதையும் எடுக்க மாட்டேங்கறே."

"எவ்வளவு நாழியா மாமி?"

"அரை மணி இருக்கும். எங்காத்துச் செவுத்துல காதை வெச்சா நன்னா கேக்கறது. நேக்குக் கையும் ஓடலே, காலும் ஓடலே, கேட்டியா."

என் போன் கைப்பைக்குள் முருங்கைக்காய்க்கு அடியில் அடித்து ஓய்ந்திருந்தது. நான் கதவருகே போய்க் காதைக் கொடுத்தேன். அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு முனகல். நீண்டு, தேய்ந்து, நின்று, மறுபடி எழுந்தது.

போன வாரம் அலுவலக டைப் மெஷினோடு நான் மல்லுக்கட்டிய கதையைப் படித்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், உங்கள் அண்ணா எப்படி இருக்கிறார்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். இந்தத் தொடரில் என்னைவிட அவருக்குத்தான் ரசிகர்கள் அதிகம் என்பது எனக்குத் தெரியும். பொறாமைதான், என்ன செய்வது? அவர்களுக்கான பதில்தான் இந்த வாரம்.

முதலில் சாமி படம்

கதவுக்கு முன்னால் என்னைச் சாவியோடு நிறுத்திவிட்டு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் இளமையில் டெலிவிஷனையும் வீடியோ டெக்கையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வீட்டில் படம் பார்ப்பது பெரிய விசேஷம். ஆட்டோவில் ஒரு பழைய போர்வை சுற்றி வந்து இறங்கும். மறுநாள் திருப்பித் தருவதற்குள் எத்தனை கேசட் பார்க்க முடியுமோ அத்தனையும் பார்த்துவிட வேண்டும். வரிசை கட்டாயம். முதலில் சாமி படம். சாமி படம் போடாமல் டெக்கைத் தொட்டால் அம்மாவுக்கு ஆகாது. அதற்குப் பிறகு தமிழ், அதற்குப் பிறகு மலையாளம். மத்தியானச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் எல்லாம் கூடத்திலேயே கண் அயர்ந்ததும், மணி அண்ணா சட்டைக்குள்ளிருந்து தன் கேசட்டை எடுப்பார்.

அது இங்கிலீஷ் பிணப் படமாக இருக்கும். ஜாம்பி என்ற சொல்லெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. கேசட் கடைக்காரர் யாரும் கேட்காத சரக்கை, நல்ல வாடிக்கையாளர் என்று அண்ணாவிடம் இனாமாகத் தள்ளிவிடுவார். அட்டையில் படம்கூட இருக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் தடவை நான் அண்ணாவின் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே பார்த்தேன். எங்கோ ஒரு கரும்புத் தோட்டம். நடுவில் ஒரு மர வீடு. உள்ளே நாலைந்து பேர். வெளியே பிணங்கள். அவை கையை நீட்டிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, வீட்டை நோக்கி வந்தன. வந்துகொண்டே இருந்தன. பாதிப் படத்தில் அப்பா விழித்துவிட்டார். எழுந்து நிறுத்தச் சொல்வார் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் கவனமாகப் பார்த்தார்.

"ஏண்டா, இவாளுக்கெல்லாம் யாரும் காரியம் பண்ணலையா?"

"தெரியலைப்பா."

"பதிமூணு நாளும் ஒழுங்கா பண்ணியிருந்தா இப்படி எழுந்து அலைய வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொண்டார். அப்பாவின் கணக்கில் அந்தப் படத்தில் திகிலே இல்லை. அநாதைகளைக் கவனிக்காத ஊர் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

மாவு பூசிய முகங்கள்

அதிலிருந்து நானும் அண்ணாவும் அந்தப் படங்களுக்கு அடிமை. நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று முந்தைய வாரங்களில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. உத்தியோகம் பார்த்தோம், வீட்டைப் பார்த்துக்கொண்டோம், சொந்தமாகவே டெக் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிணங்களைப் பார்த்தோம்.

அவற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் அந்தக் கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்வேன். ஒரு படத்தில் பத்து வருஷத்துக்கு முன்னால் புதைக்கப்பட்ட ஒருவன் மண்ணைப் பிளந்துகொண்டு எழுகிறான். கையில் பளபளவென்று கடிகாரம். இன்னொன்றில் கட்டம் போட்ட பாவாடைக்காரி ஒருத்தி வலமிருந்து இடம் போவாள். கொஞ்ச நேரம் கழித்து வேறு கூட்டத்தில் மறுபடி வலமிருந்து இடம் போவாள். ஆள் பற்றாக்குறை! முகத்தில் அரிசிமாவுதான் பூசியிருக்கிறார்கள் என்று நான் சத்தியம் செய்வேன். வியர்த்தால் கழுத்தோரம் திட்டுத் திட்டாக உரியும். ரத்தம் பீட்ரூட் பொரியல் நிறத்தில் இருக்கும். கல்லறைக் கல் சாய்ந்தால் சத்தமே வராது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒருவரால் பயப்படவும் முடியும். அதுதான் எனக்குப் பிடித்தது. பயம் முற்றினால் டெக்கின் பொத்தானை அமுக்கி எல்லாரையும் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுப் போய்க் காபி கலந்துகொண்டு வரலாம். வீட்டில், உத்தியோகத்தில், ஆஸ்பத்திரியில் வருகிற பயங்களுக்கு அந்தப் பொத்தான் கிடையாது.

இப்போதைய படங்களில் பிணங்கள் ஓடுகின்றன. என் சித்தி பேத்தி போனில் ஒன்றைக் காட்டினாள். சுவரேறிக் குதிக்கின்றன, கூரைமேல் தாவுகின்றன. எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தும் இவ்வளவு அவசரம் எதற்கு? எங்கள் பழைய பிணங்கள் நிதானமானவை. இரண்டு எட்டு வேகமாக வைத்தால் நாம் தப்பித்துவிடலாம்.

அண்ணாவுக்கு வேறொரு காரணம். பணமில்லாமல் எடுத்த படங்களில் நடை அதிகம் என்பார். வெடிக்க வைக்கக் காசில்லை, எரிக்கக் காசில்லை, ஒன்றரை மணி நேரத்தை எப்படியாவது நிரப்ப வேண்டும். ஆகவே நடக்கவிடு. ஒரு படத்தில் பிணங்கள் ஒரு வயலைத் தாண்டும். தாண்டிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் நான் மாவு சலித்து முடித்திருக்கிறேன். அண்ணா மட்டும் கண்ணெடுக்க மாட்டார்.

"பாவம்டி அந்த டைரக்டர். காசில்லாட்டாலும் படத்தை முடிச்சுட்டான் பாரு" என்பார்.

கேசட் கடையை மூடியபோது, மிச்சமிருந்த பிணப் படங்களையெல்லாம் அவர் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் ஊர் ஈரத்துக்கு டேப்பில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். அவர் பஞ்சை வைத்துப் பொறுமையாகத் துடைப்பார். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்காலத்தில், அரிசி ஈரத்தை இழுக்கும் என்று அதற்குள் புதைத்து வைப்பார்; டிரம்முக்குள் கையை விட்டால் கேசட் தட்டுப்படும். இதற்காக நாங்கள் போட்ட சண்டைகளை எழுதினால் தனித் தொடரே வரும்.

ஜன்னலைச் சாத்து

சில வாரங்களுக்கு முன்னால் கொல்லைப்புறம் பாசியில் வழுக்கி விழுந்து அண்ணாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடக்கத்தான் மாட்டேன் என்றார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த வயதில் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். இப்போது நடக்காவிட்டால் பிறகு நடக்கவே முடியாது, அதற்குப் பிறகு அதிக நாள் தாங்காது. எங்கள் அம்மா அப்படித்தான் போனாள். விழுந்து, படுத்து, எழாமலே. ஆகவே அவர் சொன்னதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிசியோதெரபி செய்ய ஷைனி என்ற பெண் தினமும் காலையில் வருவாள். தங்கமான பெண். வாக்கரை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு மலையாளமும் தமிழுமாகக் கெஞ்சுவாள். "சாரே, ஒரு ஸ்டெப். ஒரே ஒரு ஸ்டெப் மதி, அது போதும். நான் எண்ணாம். ஒண்ணு..."

"நாளைக்கு" என்பார் அண்ணா.

அவர் படுக்கையைக் கூடத்தில் போட்டிருந்தோம். தெருப் பக்கம் ஜன்னல். முதல் நாளே அதைச் சாத்தச் சொல்லிவிட்டார். கோவிலைச் சுற்றிய நாலு தெருவிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்த மனிதர். கைத்தடி வாங்கியவர்களைக் கேலி செய்தவர். இப்போது நாலு கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் எட்டு வைப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. ஷைனி பார்க்கக் கூடாது, நான் பார்க்கக் கூடாது.

ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "என்னைத் தனியா விட்டுட்டுப் போகணும்னு தீர்மானமா? சொல்லிடுங்கோ. நானும் அதுக்குத் தக்கபடி இருந்துக்கறேன்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "போடி. நான் நடைப்பிணம்கூட இல்லே. அதுகளாவது நடக்கறது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய் அழுதேன்.

அவருக்குக் கொஞ்சமாவது உற்சாகம் வரட்டும் என்று உள்ளறையிலிருந்த டிவியையும் டெக்கையும் கூடத்துக்கு மாற்றினேன். கேசட்டுகளைக் கட்டில் பக்கத்தில் அடுக்கினேன். என் எதிரில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. பிணப் படமே வேண்டாம் என்றால் என் அண்ணாவுக்கு வேறு எதில்தான் ஆசை இருக்கப் போகிறது?

சாயங்காலம் நாலு மணிக்கு நான் கடைக்குப் போவேன். கோமு மாமியும் அதே நேரத்துக்குக் கோவில் பக்கம் பாராயண வகுப்புக்குப் போய்விடுவாள். மறுபக்கத்து வீடு பூட்டியே கிடக்கிறது, அந்த வீட்டுக்காரர்கள் அமெரிக்காவில். ஆகவே அந்த ஒரு மணி நேரம் எங்கள் சுவர்களுக்கு அப்பால் காதே கிடையாது. அண்ணா எழுந்துவந்து கதவைத் திறக்க மாட்டார் என்பதால் நான் வெளியே பூட்டிக்கொண்டு போவேன். அன்று மட்டும் மாமிக்கு வகுப்பு இல்லை.

சாவி

இனி வாசலுக்கு வருகிறேன்.

என் கையில் சாவி. பூட்டுக்குள் போக மாட்டேன் என்கிறது. உள்ளே முனகல். எத்தனையோ வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்ட சத்தம். அது அன்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெருவே வாசலில் துக்க முகத்தோடு நிற்கும்போது மூளை எங்கே வேலை செய்கிறது? என் அண்ணா தனியாகக் கிடந்து போராடுகிறார், நான் முருங்கைக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தேன் என்பதுதான் மனதில் ஓடியது.

கோமு மாமி தன் வீட்டுக்குப் போய்விட்டு மூச்சிரைக்க என் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது அவள் ஒரு கையில் துளசி, இன்னொரு கையில் செம்பில் செய்த சின்னக் கங்கைச் சொம்பு. காசிக்குப் போனவர்கள் வாய் மூடி ஈயம் வைத்து அடைத்துக் கொண்டுவருவார்களே, அதுதான். கடைசி நேரத்தில் உடைத்து வாயில் விடுவதற்கென்று பூஜை அறையில் பத்திரமாக இருக்கும். மாமி அடைப்பை உடைத்துத் தயாராகவே கொண்டுவந்துவிட்டாள். காரியம் பண்ணி வைக்கும் கிச்சா வாத்தியாருக்கும் போன் போயிருந்தது. அவர் ஸ்கூட்டரை அணைக்காமலேயே, "இருக்காரா?" என்று கேட்டார்.

பூட்டு திறந்தது. கதவைத் தள்ளினேன்.

கட்டிலில் அண்ணா இல்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. போர்வை ஒதுங்கிக் கிடக்கிறது. டிவி அலறிக்கொண்டிருக்கிறது. திரையில் அந்த வயல். பிணங்கள் கையை நீட்டி, காலை இழுத்து, முனகிக்கொண்டே தாண்டிக்கொண்டிருக்கின்றன.

கூடத்தின் மறுகோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாக்கரைப் பிடித்தபடி மணி அண்ணா நடந்துகொண்டிருந்தார். வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. சுவர் வரை போனார். திரும்பினார். திரும்ப ரொம்ப நேரம் ஆயிற்று. திரும்பியதும் என்னையும், மாமியையும், வாத்தியாரையும், எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் தெருவையும் கண்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

நான் போய் டிவியை நிறுத்தினேன். அவருடைய காது மிஷின் மேஜைமேல் கிடந்தது; மாமி கூப்பிட்டது கேட்காமல் போனது அதனால்தான். அதைக் காதில் மாட்டிவிட்ட பிறகு மாமி கேட்டாள்: "ஏண்டா, நீ மொனகலையா?"

"நான் எதுக்கு மொனகறேன்? அதுகள்னா மொனகறது!"

"எத்தனை நாளா இது?" என்றேன் நான்.

"நீ கடைக்குப் போறப்பல்லாம்."

"விழுந்திருந்தா?"

"விழலையே." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "ஷைனி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினா நேக்குக் கால் பதர்றது. இதுகளோட போனா ஒரு பதட்டமும் இல்லை. எவ்வளவு மெள்ளப் போனாலும் நான்தான் முன்னாடி போறேன். இந்த வயல் முடிஞ்சா திருப்பிப் போட்டுப்பேன்."

நான் அவருடைய கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் இத்தனை வாரமாக உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போவதை உணர்ந்தேன். அண்ணா நடக்கிறார். திருட்டுத்தனமாக, பிணங்களோடு சேர்ந்து, எங்கள் யாருக்கும் தெரியாமல் நடக்கிறார். அந்தக் காசில்லாத டைரக்டர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

மாமியின் சொம்பு

வாத்தியார்தான் முதலில் அதைக் கவனித்தார். "மாமி, உடைச்சுட்டேளா?"

"பின்னே? மூடினபடி கொண்டுவந்து என்ன பிரயோஜனம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமியும் மாமாவும் காசிக்குப் போனபோது ஆளுக்கொன்றாக இரண்டு சொம்பு கொண்டுவந்தார்கள். மாமாவுடையது அவர் போன அன்று ஆயிற்று. இது மாமியுடையது. பிள்ளைகள் தூர தேசத்தில். அவர்கள் வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும் என் சொம்பு என் பக்கத்தில் இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். அதைத்தான் பக்கத்து வீட்டுக்காரனுக்காக, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், கத்தி முனையால் நெம்பித் திறந்திருக்கிறாள்.

அண்ணாவுக்கும் அது புரிந்துவிட்டது. "மாமி, உங்களோடதா?" என்றார் மெதுவாக.

"ஆருடையதானா என்னடா? கங்கை கங்கைதானே."

"தெறந்ததை மறுபடி மூடி வெக்கறது வழக்கமில்லே" என்றார் வாத்தியார். "எல்லாருமா தீர்த்தம் எடுத்துக்கலாம்."

அண்ணா ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மறுகையைக் குழித்து நீட்டினார். மாமி ஒரு சொட்டு சிந்தாமல் விட்டாள். படுத்துக்கொண்டு குடிக்க வேண்டிய தண்ணீரை அவர் நின்றுகொண்டு குடித்தார். பிறகு நாங்கள் குடித்தோம். வாசலில் நின்றவர்களும் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் பிரசாதம் வாங்கிக்கொண்டு போகிறவர்களைப்போல் தலையில் தடவிக்கொண்டார்கள்.

"மாமி, நானே காசிக்குப் போயி உங்களுக்கு வேற கொண்டு வரேன்" என்றார் அண்ணா.

"காசி கெடக்கட்டும். முதல்ல எங்காத்து வரைக்கும் நடந்து வா. காபி போட்டுத் தரேன்."

சொல்லிவிட்டு அவள் காலிச் சொம்போடு விடுவிடுவென்று போய்விட்டாள். அண்ணா வாசலைப் பார்த்தார். தெருவில் இன்னும் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லப் போகிறார், மறுபடி கட்டிலுக்குப் போகப் போகிறார் என்று நினைத்து நான் எழுந்து போர்வையை உதறினேன்.

"அதை மடிச்சு வைடி" என்றார்.

படியில் மட்டும் நானும் வாத்தியாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். தெருவில் கால் வைத்ததும், "விடுங்கோ" என்றார். விட்டோம். கம்பியை முன்னால் வைத்தார். ஒரு எட்டு. நின்றார். மறுபடி ஒரு எட்டு. தெரு முழுக்கப் பார்த்தது. எங்கள் தெரு சரித்திரத்தில் முதல் தடவையாக யாரும் எந்த யோசனையும் சொல்லவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, ஓரமாக நின்று வழி விட்டார்.

பக்கத்து வீடுதான். சுவர் ஒன்றுதான். அண்ணா அங்கே போய் உட்காருவதற்குள் காபி ஆறிவிட்டது. மாமி மறுபடி சுடவைத்தாள்.